வால்யூம் இருக்கான்னு பாத்துட்டு ஜாப்ப விடுங்க

போன மார்ச் 31 ராத்திரி ஒண்ணே முக்கால் மணிக்கு போன் அடிச்சுது. நான் அப்ப கொழிஞ்சாம்பாறையில எங்க வீட்டு மாடி ரூம்ல லேப்டாப்ப மூடி வச்சுட்டு அப்பதான் கண்ண மூடியிருந்தேன், மாசக் கடைசி, அதுவும் வருசக் கடைசி, ஐபிஎம் மெயின்ஃப்ரேம்னு சொல்ற பெரிய கம்ப்யூட்டர்ல பேட்ச் (ராத்திரி வரிசையா ஓடுற ஜாப்புங்க) ஓடி முடியிற வரைக்கும் ஆன்கால்ல நான்தான். லைன்ல நம்ம ஆபரேட்டர் பையன், திருவனந்தபுரத்துக்காரன், "சேச்சி, 040 ஜாப் எக்ஸிக்யூஷன்ல தன்னே உண்டு, பக்ஷே சிபியூ அனங்குன்னில்ல"ன்னான், ஜாப் உள்ளதான் இருக்கு, ஆனா சிபியூ அசையலன்னு. எவ்வளவு நேரமான்னு கேட்டேன். நாப்பது நிமிஷமாச்சுன்னான். எனக்கு தூக்கமெல்லாம் அப்பவே போயிருச்சு, ஏன்னா அந்த 040 நம்பர் ஜாப்புக்கு பின்னாடி அறுவது ஜாப்புக்கு மேல வரிசையில நிக்குது, காலையில ஆறு மணிக்கு ஆன்லைன் (பகல்ல ஆளுங்க வேல பாக்குற பக்கம்) திறக்கணும், அதுக்குள்ள அத்தனையும் முடியணும்.

எஸ்டிஎஸ்எஃப்ல (ஜாப்புங்க நிலைமைய பாக்குற ஸ்கிரீன்) போய் பாத்தா ஜாப் ஓடுறமாதிரிதான் தெரியுது. எக்ஸிக்யூஷன் க்யூல இருக்கு, இனிஷியேட்டர் (ஒரு நேரத்துல ஒரு ஜாப்ப ஓட்டுற இடம்) பிடிச்சிருக்கு, ஆனா சிபியூ டைம் ஒரு புள்ளி கூட ஏறல, ஐஓ கவுண்ட்டும் அப்படியே நிக்குது. லாக்ல மேல போய் தேடினேன். ஐஇஎஃப்877இன்னு ஒரு மெசேஜ், இந்த ஜாப்புக்கு இந்த வால்யூம் (பேரு வச்ச ஒரு டிஸ்க்) வேணும்னு. அதுக்கு அடுத்து ஐஇஎஃப்238டி, டிவைஸ் பேர சொல்லு, இல்ல வெயிட்னு சொல்லு, இல்ல கேன்சல்னு சொல்லுன்னு ஆபரேட்டர்கிட்ட கேட்டிருக்கு. அதுக்கு யாரோ வெயிட்னு பதில் போட்டாச்சு. அடுத்து ஐஇஎஃப்433டி, இதுவரைக்கும் பிடிச்சத ஹோல்ட் பண்ணிட்டு காத்திருக்கவா இல்ல விட்டுட்டு காத்திருக்கவான்னு கேட்டதுக்கு ஹோல்டுன்னு பதில் போயிருக்கு. அந்த ஹோல்டுதான் அன்னிக்கு ராத்திரிய கெடுத்துச்சு, ஆனா அந்தப் பையன நான் குறை சொல்லல, அவனுக்கு அதுவரைக்கும் யாரும் அந்த மெசேஜ் என்ன கேக்குதுன்னு சொல்லிக் கொடுத்ததில்ல, சொல்லிக் கொடுக்க வேண்டியது நாங்கதான்.

கேட்ட வால்யூம் ஆஃப்லைன்ல இருந்துச்சு. எப்படி ஆஃப்லைன் போச்சுன்னா, அதுக்கு முந்தின சனிக்கிழமை ஸ்டோரேஜ் டீம் பழைய டிஸ்க் பெட்டியில இருந்து புதுப் பெட்டிக்கு வால்யூம்கள மாத்தினாங்க. காப்பி எடுக்கும்போது பழசும் புதுசும் ஒரே வால்யூம் சீரியல்ல (வால்யூமோட பேரு) நிக்கும், ஒரு சிஸ்டத்துல ஒரே சீரியல்ல ரெண்டு டிவைஸ் ஆன்லைன்ல இருக்க முடியாது, அதனால பழச ஆஃப்லைன் பண்ணிட்டு புதுச ஆன்லைன் பண்ணணும். பண்ணினாங்க, ஆனா எங்ககிட்ட இருக்கிற ரெண்டு சிஸ்டத்துல ஏ சிஸ்டத்துல மட்டும் பண்ணினாங்க. பி சிஸ்டத்துல புது டிவைஸுக்கு வேரி ஆன்லைன் கமாண்ட் போடாம விட்டுட்டாங்க. வேரி கமாண்ட் எந்த சிஸ்டத்துல அடிக்கிறோமோ அந்த சிஸ்டத்துக்கு மட்டும்தான், எல்லாத்துக்கும் போகணும்னா ரவுட் போட்டு அனுப்பணும், இது தெரிஞ்ச விஷயம்தான், ஆனா சனிக்கிழமை ராத்திரி மூணு மணிக்கு முன்னூறு டிவைஸ் மாத்துறப்ப ஒண்ணு விட்டுப்போகும். ஞாயிறு, திங்கள்னு அந்த ஜாப் ஏ சிஸ்டத்துல ஓடிச்சு, ஒண்ணும் தெரியல. மாசக் கடைசியில ஏ சிஸ்டத்துல கூட்டம் ஜாஸ்தி, ஸ்பூல் (ஜாப்புங்க வந்து நிக்கிற இடம்) ரெண்டுக்கும் பொது, பி சிஸ்டத்துல இனிஷியேட்டர் காலியா இருந்துச்சு, அது எடுத்துக்கிச்சு, மாட்டிக்கிச்சு.

இதுல நான் சொல்ல வர்ற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், அத இங்கயே சொல்லிடுறேன். வால்யூம் இல்லாம ஒரு ஜாப் வெளிய காத்திருந்தா அந்த ஜாப் மட்டும்தான் லேட். உள்ள போனதுக்கு அப்புறம் வால்யூமுக்காக காத்திருந்தா ஊரே லேட். ஏன்னா ஒரு ஜாப் ஆரம்பிக்கும்போதே அதோட எல்லா ஸ்டெப்புலயும் வர்ற டேட்டாசெட் (ஃபைல்) பேரு மேல சிஸ்டம் என்க்யூன்னு ஒரு பூட்டு போட்டுடுது, கடைசியா அந்த டேட்டாசெட்ட எந்த ஸ்டெப் தொடுதோ அது முடியிற வரைக்கும் விடாது. அன்னிக்கு 040 ஜாப் ஆறு டேட்டாசெட்ட டிஸ்ப் ஓல்டுல, அதாவது வேற யாரும் தொட முடியாதபடி, பிடிச்சு வச்சுக்கிட்டு நின்னுச்சு. அந்த டேட்டாசெட் வேணும்னு வந்த வேற நாலு ஜாப்பு, அதுங்களுக்கு இந்த ஜாப்போட எந்த சம்பந்தமும் ஷெட்யூல்ல கிடையாது, ஆனா டேட்டாசெட் ஒண்ணு, அதுங்க ஐஇஎஃப்099ஐ, டேட்டாசெட்டுக்காக காத்திருக்கேன்னு சொல்லிட்டு ஆளுக்கு ஒரு இனிஷியேட்டர பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அந்த கிளாஸுக்கு எட்டு இனிஷியேட்டர், அதுல அஞ்சு போச்சு. மிச்சம் மூணுல ராத்திரி பூரா எப்படி ஓடும்?

அப்புறம் என்ன பண்ணோம்னா, 040ஐ கேன்சல் பண்ணி, பி சிஸ்டத்துல புது டிவைஸ ஆன்லைன் கொண்டுவந்து, ரெண்டு சிஸ்டத்துலயும் டிஸ்ப்ளே யூனிட் அடிச்சு ஒரே வால்யூம்தான் ஒரே டிவைஸ் நம்பர்லதான் இருக்கான்னு பாத்துட்டு, விட்ட ஸ்டெப்ல இருந்து ரீஸ்டார்ட் பண்ணோம். மணி ரெண்டே கால். முதல்ல கேட்ட ஐஇஎஃப்238டிக்கே அந்த டிவைஸ் நம்பர பதிலா கொடுத்திருந்தா சிஸ்டமே அத ஆன்லைன் கொண்டுவந்து ஜாப் போயிருக்கும், ஆனா எந்த டிவைஸ் நம்பர் சரி, பழசா புதுசான்னு தெரியாம அந்த நேரத்துல ஒரு ஆபரேட்டர் பதில் போடக்கூடாது, அதுல தப்பா பழச கொண்டுவந்திருந்தா நாலு நாள் பழைய டேட்டாவுல வருசக் கடைசி கணக்கு ஓடியிருக்கும், அத நினைச்சா இப்பவும் வயித்த கலக்குது. ஆன்லைன் ஆறு மணிக்கு பதிலா ஏழே முக்காலுக்கு திறந்துச்சு.

காலையில நாலு மணி இருக்கும், கீழ அப்பா கதவ திறக்குற சத்தம் கேட்டுச்சு. அன்னிக்கு எங்க முறைத் தண்ணி. எங்க பக்கம் தெரியாதவங்களுக்காக சொல்றேன், சித்தூர் தாலுக்கா கிழக்கு ஓரம், பாலக்காடு ஜில்லாதான் ஆனா வீட்லயும் கடையிலயும் தமிழ்தான், மத்த பாலக்காடு மாதிரி மழையும் இங்க கிடையாது. ஆழியார்ல இருந்து வர்ற தண்ணிய நம்பித்தான் வயலு. பரம்பிக்குளம் ஆழியார் ஒப்பந்தம் 1970ல போட்டது, வருசத்துக்கு 7.25 டிஎம்சி மணக்கடவு அணைக்கட்டுல கேரளாவுக்கு வரணும், அங்க இருந்து சித்தூர்ப்புழையில வந்து மூலத்தறையில பிரிச்சு வாய்க்கால்ல விடுவாங்க. எங்க வாய்க்கால்ல முறை வச்சுதான் பாய்ச்சல். நம்ம முறை நாலு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும்னா தண்ணி நம்ம வயலுக்கு வந்தாலும் வராட்டியும் எட்டு மணிக்கு முறை முடிஞ்சிடும், அடுத்த ஆளு மடைய திருப்பிக்குவாரு. அதனால அப்பா எப்பவும் முந்தின நாள் சாயங்காலமே வாய்க்கால் கரையில நடந்து தலைமடை வரைக்கும் போயி, எங்கயாவது ஓலை மட்டை அடைச்சிருக்கா, கரை உடைஞ்சு எலி வளையில தண்ணி போகுதான்னு பாத்துட்டுதான் வந்து படுப்பாரு.

அன்னிக்கு நான் தூங்காம கீழ வந்தத பாத்துட்டு என்ன அம்மிணின்னு கேட்டாரு. வால்யூமு ஜாப்புன்னு சொன்னா அவருக்கு புரியாது, ஆனா நான் சுருக்கமா, வேல ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் சாமான் இல்லைன்னு தெரிஞ்சுது, அதுக்குள்ள மத்த ஆளுங்க வேலையும் நின்னுபோச்சுன்னு சொன்னேன். "ஏன் அம்மிணி, மொத நாளே போயி மடைய பாக்கலயா நீங்க?"ன்னு கேட்டுட்டு மண்வெட்டிய எடுத்துக்கிட்டு போயிட்டாரு. சும்மா கேட்டதுதான், ஆனா அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. நாங்க யாரும் மடைய பாக்கல.

எனக்கு இந்த வேலைய சொல்லிக் கொடுத்த ஒரு பெரியவர் ஜெஸ்3 ஆளு. ஜெஸ்னா மெயின்ஃப்ரேம்ல ஜாப்ப வாங்கி வரிசையில வச்சு ஓட அனுப்புற சாஃப்ட்வேர். பெரும்பாலான இடத்துல ஜெஸ்2தான், ஹூஸ்டன்ல நாசாவுக்காக ஐபிஎம் ஆளுங்க எழுதின ஹாஸ்ப்ல இருந்து வந்தது அது. ஜெஸ்3 வேற வம்சம், ஏஎஸ்பின்னு ஒண்ணுல இருந்து வந்தது. அதுல மெயின் டிவைஸ் ஷெட்யூலிங்னு ஒரு விஷயம் உண்டு, அவர் அத பத்தி பேச ஆரம்பிச்சா டீ ஆறிப்போகும். ஜாப்ப ஓட விடுறதுக்கு முன்னாடியே ஜெஸ்3 அதோட ஜேசிஎல்ல (ஜாப்புக்கு என்னென்ன வேணும்னு எழுதி வைக்கிற மொழி) படிச்சு, கேட்டலாக்ல டேட்டாசெட் எந்த வால்யூம்ல இருக்குன்னு தேடி, அந்த வால்யூம் மாட்டியிருக்கா, டிவைஸ் ஃப்ரீயா இருக்கான்னு பாத்து, இல்லைன்னா ஆபரேட்டர்கிட்ட இந்த வால்யூம கொண்டுவான்னு ஃபெட்ச் மெசேஜ் கொடுக்கும். எல்லாம் கையில வந்ததுக்கு அப்புறம்தான் இனிஷியேட்டருக்கே அனுப்பும். எத்தன டிவைஸ் வேணும்னு கணக்கு போடுறதுக்கு ஹை வாட்டர்மார்க் செட்டப்னு ஒரு முறை, ஜாப்போட எல்லா ஸ்டெப்பையும் பாத்து எந்த ஸ்டெப்புக்கு ஜாஸ்தி வேணுமோ அந்த அளவுக்கு மட்டும் ஒதுக்கும். டேப்பும் கழட்டி மாட்டுற டிஸ்க்கும் இருந்த காலத்து யோசனை, ஆனா யோசனை பழசாகல. மெயின்ஃப்ரேமோட ஆபரேட்டிங் சிஸ்டம் இசட் ஓஎஸ் 2.5ஓட ஐபிஎம் ஜெஸ்3ய நிறுத்திடுச்சு, ஃபீனிக்ஸ் சாஃப்ட்வேர்னு ஒரு கம்பெனி ஜெஸ்3 ப்ளஸ்னு அத தொடர்ந்து பாத்துக்குது. ஜெஸ்2 ஆளுங்க நாம அந்த முன்கூட்டியே பாக்குற வேலைய நாமளே செஞ்சுக்கணும்.

ஜெஸ்2ல இதுக்கு சரியான இடம் டபிள்யூஎல்எம் (எந்த வேலைக்கு முன்னுரிமைன்னு பாக்குற பகுதி) ஷெட்யூலிங் என்விரான்மெண்ட்டுதான்னு நான் நினைக்கிறேன், நிறைய பேரு இத டிபி2 டேட்டாபேஸ் எந்த சிஸ்டத்துல இருக்குன்னு காட்ட மட்டும் வச்சிருக்காங்க. டபிள்யூஎல்எம்ல ஒரு ரிசோர்ஸ் பேரு வச்சு, இந்த என்விரான்மெண்ட்டுக்கு அந்த ரிசோர்ஸ் ஆன்ல இருக்கணும்னு எழுதி வைக்கணும். ஜாப் கார்டுல (ஜேசிஎல்லோட முதல் வரி) அந்த என்விரான்மெண்ட் பேர போட்டுட்டா, எந்த சிஸ்டத்துல அந்த ரிசோர்ஸ் ஆன்ல இருக்கோ அந்த சிஸ்டத்துலதான் ஜெஸ்2 ஜாப்ப எடுக்கும். ரிசோர்ஸ் நிலைமை சிஸ்டத்துக்கு சிஸ்டம் தனி, மாடிஃபை டபிள்யூஎல்எம் கமாண்ட்ல ஆன், ஆஃப், ரீசெட்னு மாத்தலாம். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், ஐபிஎல் (சிஸ்டத்த புதுசா பூட் பண்றது) ஆனதும் எல்லா ரிசோர்ஸும் ரீசெட்ல நிக்கும், ரீசெட்னா ஆனும் இல்ல ஆஃபும் இல்ல, யாராவது பாத்து சரின்னு சொன்னாதான் ஜாப் நகரும். நம்ம கேஸுக்கு இது அளவெடுத்து தச்சமாதிரி. பி சிஸ்டத்துல வால்யூம் ஆஃப்லைன்னா பி சிஸ்டத்துல ரிசோர்ஸ் ஆஃப், ஜாப் ஏ சிஸ்டத்துக்கு தானா போயிடும், ரெண்டுலயும் இல்லைன்னா க்யூவுலயே நிக்கும், எதையும் பிடிச்சுக்கிட்டு நிக்காது. எஸ்டிஎஸ்எஃப்ல எஸ்இ பேனல்ல என்விரான்மெண்ட்டும் ஆர்இஎஸ் பேனல்ல ரிசோர்ஸும் பாத்துக்கலாம், ஆபரேட்டருக்கு லாக்ல தேட வேண்டிய வேலையே இல்ல. ஒரு ஜாக்கிரதை, டபிள்யூஎல்எம்ல இல்லாத பேர ஜாப் கார்டுல போட்டா ஜேசிஎல் எரர், அதனால முதல்ல பாலிசிய ஆக்டிவேட் பண்ணுங்க, அப்புறம் ஜேசிஎல்ல கை வையுங்க.

யாரு ஆன் பண்றதுன்னு கேப்பீங்க. நாங்க சாயங்காலம் ஏழு மணிக்கு, பேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி, ரெண்டு சிஸ்டத்துலயும் ஒரு ரெக்ஸ் (சின்ன ஸ்கிரிப்ட்) ஓட விடுறோம். வால்யூம் பேரு ஒரு மெம்பர்ல லிஸ்ட்டா இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஆன்லைனா, பெண்டிங் ஆஃப்லைனான்னு பாக்கும், பெண்டிங் ஆஃப்லைன முக்கியமா பாருங்க, யாரோ ஆஃப்லைன் கமாண்ட் போட்டிருப்பாங்க, ஏதோ ஒரு ஜாப் அத பிடிச்சிருக்கிறதால போகாம நிக்கும், அந்த ஜாப் முடிஞ்ச நிமிஷம் போயிடும், அடுத்த ஜாப்புக்கு இருக்காது. எல்லாம் சரின்னா ரிசோர்ஸ் ஆன், ஒண்ணு குறைஞ்சாலும் ஆஃப் பண்ணிட்டு எந்த வால்யூம்னு மெசேஜ் போடும். ஆட்டோமேஷன் சாஃப்ட்வேர் இல்லாத இடத்துல இருக்கிறவங்களுக்கு இன்னொரு வழி சொல்றேன், ஐஇஎஃப்பிஆர்14 (எதுவும் செய்யாம முடியிற ப்ரோக்ராம்) ஒரு ஸ்டெப், வால்யூமுக்கு ஒரு டிடி (ஜேசிஎல்ல என்ன வேணும்னு கேக்குற வரி), டேட்டாசெட் பேரு போடாம யூனிட்டும் வால்யூம் சீரியலும் மட்டும் போட்டு டிஸ்ப் ஓல்டு, எந்த சிஸ்டத்துல ஓடணும்னு சொல்ற சிஸ்ஆஃப் போட்டு ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒண்ணு. வால்யூம் இல்லைன்னா அந்த ஜாப்பும் அதே ஐஇஎஃப்238டில மாட்டும், ஆமா, ஆனா அது எந்த டேட்டாசெட்டையும் பிடிச்சுக்கிட்டு மாட்டாது, மாட்டினது சாயங்காலம் ஏழு மணிக்கு, ஸ்டோரேஜ் டீம்ல ஆள் முழிச்சிருக்கிற நேரம். மெயின் ஜாப்புங்கள அதுக்கு பின்னாடி ஷெட்யூலர்ல கோர்த்துட்டா போதும்.

சிஸ்டம் செட்டிங் எல்லாம் இருக்கிற பார்ம்லிப்ல அலாக் மெம்பர்ல ஆஃப்லைன் டிவைஸுக்கு என்ன பண்றதுன்னு பாலிசி வைக்கலாம், ஆபரேட்டர்கிட்ட கேக்கலாம், தானா காத்திருக்கலாம், தானா கேன்சல் பண்ணலாம். எங்க இடத்துல பேட்ச் நேரத்துக்கு கேன்சல்தான் சரின்னு நான் சண்டை போட்டு வாங்கினேன். கேன்சல் ஆன ஜாப் ஷெட்யூலர்ல சிவப்பா தெரியும், ஆளு பாப்பாங்க. வெயிட் ஆன ஜாப் பச்சையா ஓடுறமாதிரியே தெரியும், அந்த நாப்பது நிமிஷம் அப்படித்தான் போச்சு.

வால்யூம் ஆன்லைன்ல இருந்தா மட்டும் போதுமா, அதுல இடம் இருக்கணுமே. இத நான் தனியா எழுதணும்னு இருந்தேன், ஆனா ரெண்டும் ஒரே விஷயம்தான். எங்ககிட்ட ஒரு ஜாப், ரெக்கார்டு நீளம் 400 பைட், நாளுக்கு ஏறக்குறைய 24 லட்சம் ரெக்கார்டு எழுதும். ஸ்பேஸ் ப்ரைமரி (முதல்ல கேக்குற டிஸ்க் இடம்) 500 சிலிண்டர், செகண்டரி (பத்தாம போகும்போதெல்லாம் கூட கேக்குறது) 50. மாசக்கணக்கா ஓடிச்சு. ஒரு நாள் அதே அளவு ரெக்கார்டு, அதே ஜேசிஎல், எஸ்பி37, இடம் பத்தாம ஜாப் செத்துப்போச்சு. எல்லாரும் இன்புட் பெருசாயிடுச்சுன்னு நினைச்சாங்க, நான் பேப்பர எடுத்துட்டு உக்காந்தேன். 3390 டிஸ்க்ல அரை ட்ராக் ப்ளாக் 27,998 பைட். 70 ரெக்கார்டு போட்டா 28,000, ரெண்டு பைட்டுல தவறிப்போகுது, அதனால 69 ரெக்கார்டு, ப்ளாக் 27,600. ட்ராக்குக்கு ரெண்டு ப்ளாக், 138 ரெக்கார்டு. சிலிண்டருக்கு 15 ட்ராக், 2,070 ரெக்கார்டு. 24 லட்சத்துக்கு 1,160 சிலிண்டர். சாதாரண சீக்வென்ஷியல் டேட்டாசெட்டுக்கு ஒரு வால்யூம்ல 16 எக்ஸ்டெண்ட்தான், அதாவது 16 துண்டு. ப்ரைமரி ஒரே துண்டா கிடைச்சா மிச்சம் 15 துண்டு, 15 பெருக்கல் 50, 750, மொத்தம் 1,250, 1,160 நல்லாவே அடங்கும். ஆனா ப்ரைமரிய சிஸ்டம் அஞ்சு துண்டு வரைக்கும் பிரிச்சு கொடுக்கலாம். அன்னிக்கு அந்த வால்யூம்ல மொத்தக் கணக்குல இடம் இருந்துச்சு ஆனா சின்னச் சின்ன துண்டா இருந்துச்சு, ப்ரைமரிக்கே அஞ்சு துண்டு போச்சு, மிச்சம் 11, 550 சிலிண்டர், மொத்தம் 1,050. அங்க நின்னுச்சு. ஜாப்ல தப்பு இல்ல, இன்புட்ல தப்பு இல்ல, வால்யூமோட நிலைமைதான் மாறிப்போச்சு. அதனால ஃப்ரீ சிலிண்டர் எவ்வளவுன்னு மட்டும் ரிப்போர்ட் எடுக்காதீங்க, பெரிய துண்டு எவ்வளவுன்னும் எடுங்க, விடிஓசி (வால்யூம்ல என்ன எங்க இருக்குங்கிற பட்டியல்) லிஸ்டிங்ல ரெண்டும் வரும். எங்க ஏழு மணி ரெக்ஸ் இப்ப அதையும் பாக்குது, பெரிய துண்டு 500 சிலிண்டருக்கு கீழ போனா சொல்லும், துண்டுகள ஒண்ணு சேக்குற டிஃப்ராக் பகல்லயே ஓட்டிக்கலாம்.

எஸ்எம்எஸ் (டேட்டாசெட்ட எங்க வைக்கணும்னு சிஸ்டமே பாத்துக்கிற ஏற்பாடு) பூல்ல இருக்கிற வால்யூமுக்கு கதை கொஞ்சம் வேற. அங்க ஜாப் குறிப்பிட்ட வால்யூம கேக்காது, ஸ்டோரேஜ் குரூப்ல எது நல்லா இருக்கோ அத சிஸ்டம் தேர்ந்தெடுக்கும். ஆனா எதுவும் தேறலைன்னா ஐஜிடி17272ஐ, போதுமான இடம் இல்லாம வால்யூம் தேர்வு தோத்துப்போச்சுன்னு. பக்கத்துலயே ஐஜிடி17279ஐ வரும், எத்தன வால்யூம் எதனால தள்ளப்பட்டுச்சுன்னு எண்ணிச் சொல்லும், நிறைய பேரு மேல இருக்கிற ஒரு வரிய மட்டும் படிச்சுட்டு டிஸ்க் வாங்கணும்னு மெயில் போட்டுடுறாங்க, கீழ பாத்தா இத்தன வால்யூம் டிஸேபிள்ல இருக்கிறதால தள்ளினேன்னு எழுதியிருக்கும். மெயிண்டனன்ஸுக்கு ஒரு வால்யூம வெளிய எடுக்கணும்னா நேரா ஆஃப்லைன் போகாதீங்க, ரெண்டு மூணு நாள் முன்னாடியே வேரி எஸ்எம்எஸ்ல க்வயஸ் நியூ போடுங்க, வேற இடம் இருக்கிற வரைக்கும் புது டேட்டாசெட் அதுல விழாது, வேற வழியே இல்லைன்னா மட்டும் விழும், ஜாப் சாகாது. அப்புறம் டிஸேபிள் நியூ, அப்புறம் இருக்கிறத நகர்த்திட்டு, கடைசியா ஆஃப்லைன். வாய்க்கால தூர்வாரணும்னா முதல்ல அந்தப் பக்கம் மடைய கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாங்களே தவிர பாய்ஞ்சுட்டு இருக்கும்போது அடைக்க மாட்டாங்க.

சார்ட் (டேட்டாவ வரிசைப்படுத்துற) ஜாப்புங்களுக்கு ஒர்க் ஸ்பேஸ் தனி பூல்ல வைங்க. மாசக் கடைசியில நாலு பெரிய சார்ட் ஒரே நேரத்துல கிளம்பினா ஒண்ணுக்கு இடம் கிடைக்காம ஐசிஇ083ஏ வரும். தனித்தனியா ஓட்டினா நாலும் ஓடும். இங்கதான் ஷெட்யூலர் ரிசோர்ஸ் உதவும். ஐபிஎம் ஒர்க்லோட் ஷெட்யூலர்ல ஸ்பெஷல் ரிசோர்ஸுன்னு சொல்வாங்க, கண்ட்ரோல்-எம்ல குவான்டிடேட்டிவ் ரிசோர்ஸ், பேரு எதுவா இருந்தாலும் வேல ஒண்ணுதான். எங்க சார்ட் பூல் 30 யூனிட்டுன்னு வச்சோம், ஒரு யூனிட்டுக்கு 500 சிலிண்டர், பெரிய சார்ட்டுக்கு 12, சின்னதுக்கு 3. பூல்ல யூனிட் இல்லைன்னா ஷெட்யூலர் சப்மிட்டே பண்ணாது. முதல் வாரம் டீம்ல எல்லாருக்கும் பயம், லேட் ஆகும்னு. ரெண்டு பெரிய சார்ட் சேந்து ஓடி, மூணாவது காத்திருந்து, முன்ன நாலும் சேந்து ஓடி ஒண்ணு செத்து திரும்ப ஓடினதுக்கு இப்ப முன்னாடியே முடியுது.

ஹெச்எஸ்எம் (ரொம்ப நாள் தொடாதத ஒதுக்கி வைக்கிற சாஃப்ட்வேர்) மைக்ரேட் பண்ணின டேட்டாசெட்ட மறந்துடாதீங்க. கேட்டலாக்ல வால்யூம் இருக்கிற இடத்துல MIGRATனு ஆறு இங்கிலீஷ் எழுத்து இருக்கும், டேட்டாசெட் வேற எங்கயோ, சில சமயம் டேப்புல. மாசத்துக்கு ஒரு தடவ தொடுற ஃபைல் எல்லாம் மாசக் கடைசிக்குள்ள மைக்ரேட் ஆகித்தான் இருக்கும். ஜாப் உள்ள போனதுக்கு அப்புறம் ரீகால் ஆகும், அதாவது டிஸ்க்குக்கு திரும்ப வரும், அதுவரைக்கும் இனிஷியேட்டரோட அது நிக்கும். நாங்க 30ம் தேதி மத்தியானமே அந்த லிஸ்ட்ட ஹெச்ரீகால் போட்டு கொண்டுவந்து வச்சுடுறோம், ஒரு சின்ன ஜாப், அவ்வளவுதான்.

இதெல்லாம் ஒரே நாள்ல பண்ணல. மார்ச்சுக்கு அப்புறம் ஏப்ரல் பூரா வால்யூம் லிஸ்ட் எடுக்கிறதுக்கே போச்சு. எந்த ஜாப் எந்த தனி வால்யூம நேரடியா கேக்குதுன்னு ஜேசிஎல் லைப்ரரி எல்லாத்துலயும் வால்யூம் சீரியல் தேடினா 61 வால்யூம் வந்துச்சு, அதுல 18 வால்யூம் எதுக்குன்னு அந்த அப்ளிகேஷன் டீமுக்கே தெரியல, பதினஞ்சு இருவது வருசம் முன்னாடி யாரோ எழுதினது. அந்த 18ஐ எஸ்எம்எஸ்க்கு மாத்தியாச்சு. மிச்சம் 43 இப்ப ரெக்ஸ் லிஸ்ட்ல இருக்கு. புது வால்யூம் நேரடியா யாராவது ஜேசிஎல்ல போட்டா லிஸ்ட்டுக்கு வராம போயிடக்கூடாதுன்னு, ப்ரொடக்ஷனுக்கு ஏத்துற முன்னாடி ஸ்கேன் பண்ற இடத்துல ஒரு செக் சேக்கச் சொல்லி கேட்டிருக்கேன், அது இன்னும் வரல, அதுக்காக ஒவ்வொரு வாரமும் மெயில் போட்டுக்கிட்டே இருக்கேன்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அதே ஆபரேட்டர் பையன் மெசேஜ் போட்டான், ரெண்டு சிஸ்டத்துலயும் ரிசோர்ஸ் ஆஃப்ல இருக்கு, ஒரு வால்யூம் பெண்டிங் ஆஃப்லைன், ஸ்டோரேஜ் ஆளுகிட்ட பேசிட்டேன், ஆன்லைன் வந்ததும் ஆன் பண்றேன்னு. க்யூவுல மூணு ஜாப் நின்னுச்சு, பாக்கியெல்லாம் அதுபாட்டுக்கு ஓடிச்சு. பதினோரு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணிட்டேன்னு இன்னொரு மெசேஜ். மார்ச்சுல ஹோல்ட்னு பதில் போட்ட அதே பையன்தான், இந்தத் தடவ என்ன கூப்பிடக்கூட இல்ல.